ஒரே பாட்டில் மூன்று மொழி: எது ஒட்டுது, எது உதிருது?

ஹட்டன்_லயம்

நம்ம இலங்கை மலைநாட்டுல திருவிழா மேடை, பாடசாலை விழா எல்லாத்துலயும் இப்ப "தமிழ் ரெண்டு வரி, சிங்களம் ரெண்டு வரி" பாட்டு வருது. நல்ல எண்ணத்தோடதான் செய்றாங்க. ஆனா மேடையை விட்டு இறங்கினதும் பாட்டு மறந்துபோகுது. மறுபக்கம், ஒரு சொல்கூட விளங்காத சுவாஹிலிப் பாட்டு, மொரிஷியஸ் தீவோட செகா இசை, கிட்டாரையும் இந்திய இசையையும் கலந்த ஷக்தி குழுவோட பழைய இசைத்தட்டு, இதெல்லாம் கேட்டவுடனே பிடிச்சிக்குது.

நான் கேக்கிறது தொழில்நுட்பமான கேள்வி. ஒரு குழுகிட்ட தப்பு (பறை) ரெண்டு, கெட்ட பெர (கண்டியச் சிங்கள மேளம்) ஒண்ணு, கிட்டார், புல்லாங்குழல், எட்டுக் குரல் இருக்கு. தமிழ், சிங்களம், அதோட மூன்றாவதா ஒரு மொழி. நாலு நிமிசப் பாட்டு. எங்க ஆரம்பிக்கணும்? எது உடையும்?

பதுளை_பெர

தாளத்துல ஆரம்பிங்க தம்பி. மொழியைக் கடைசியில வைங்க.

கண்டிய பெர வாசிப்புல அடிப்படைக் கணக்கு மூணுதான். சுளு தித 2 மாத்திரை (தாள எண்ணிக்கை), மெதும் தித 3, மஹ தித 4. இதை ஒண்ணோட ஒண்ணு கூட்டினா மத்ததெல்லாம் வந்துடும். 2+3 சேர்ந்தா நம்ம கண்டம், 5. 3+4 சேர்ந்தா மிச்ரம், 7. மிச்ர சாபுவுல "தகிட தகதிமி"ன்னு சொல்றதும், பெரகாரர் மெதும் மஹ சேர்த்து எண்றதும் ஒரே இடத்துல விழும். ரெண்டு பேரும் பேரைச் சொல்லி விளங்கப்படுத்தப் போனா அரை நாள் போயிடும். பக்கத்துல உக்கார்ந்து கையைத் தட்டினா ரெண்டு நிமிசம் போதும்.

அதைவிடப் பெரிய ஒட்டு சொற்கட்டுல, அதாவது வாத்திய ஒலியை வாயால சொல்றதுல இருக்கு. கெட்ட பெரவோட நாலு மூல ஒலி: தத், ஜித், தொங், நங். மிருதங்கத்துல முதல் பாடம்: த, தி, தொம், நம். வாயால சொல்லிப் பாருங்க. இந்த ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். தமிழ்ப் பகுதி முடிஞ்சு சிங்களப் பகுதி தொடங்கும் இடத்துல கீபோர்ட் பாலம் போடாதீங்க. எட்டுக் குரலும் சொற்கட்டு சொல்லட்டும். அதுக்கு அகராதி தேவையில்லை, கேக்கிற யாருக்கும் அது அந்நியமாவும் இருக்காது.

ஷக்தி குழு நிக்கிறதும் இந்த அத்திவாரத்துலதான். 1976ல முதல் இசைத்தட்டு வந்தப்ப கிட்டார் ஜான் மெக்லாக்லின், வயலின் எல். சங்கர், தபேலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். மேலைநாட்டுக் கிட்டாரை அப்படியே கொண்டுவந்து நம்ம இசை மேல ஒட்டவைக்கல. பலகையில தந்திக் கட்டைகளுக்கு நடுவே குடைஞ்சு கமகம் வர இடம் பண்ணி, குறுக்கே ஏழு தந்தி கூடுதலா கட்டித் தம்புரா மாதிரி அதிரவெச்சாங்க. வாத்தியமே மாறிச்சு. 2024ல அந்தக் குழுவுக்குக் கிராமியும் கிடைச்சது.

தப்படி

பெரகாரர் சொல்றது சரி. தப்புப் பக்கம் இருந்து ரெண்டு விசயம்.

ஒண்ணு, கணக்கு. தப்புல பல ஆட்ட அடி மூணு மூணாத்தான் விழும். பைலா ஆட்டப் பாட்டும் அப்படி, 3+3, ஆறு. கெட்ட பெரவுல மஹ தித நாலு. மூணும் நாலும் எங்க சந்திக்கும்? பன்னிரண்டுல. 12 மாத்திரையை ஒரு ஆவர்த்தனமா (முழுத் தாளச் சுற்றா) வைங்க. தப்பு அதை நாலு மூணாப் பிரிக்கட்டும், பெர மூணு நாலாப் பிரிக்கட்டும். ரெண்டும் முதல் அடியில மட்டும் ஒண்ணா விழும். நடுவுல எங்கயும் சேராது. அந்தச் சேராத அஞ்சு இடம்தான் பாட்டை நடக்கவைக்கிறது. கேக்கிறவன் கால் தன்னால எதையோ தேடும்.

ஒரு மாத்திரைக்கு 0.2 விநாடி வெச்சா ஆவர்த்தனம் 2.4 விநாடி. தப்புக்கு நிமிசத்துக்கு 100 அடி, பெரவுக்கு 75 அடி. ரெண்டுமே கைக்கு வசதியான வேகம். நாலு நிமிசத்துக்கு சரியா 100 ஆவர்த்தனம் வரும்.

ரெண்டாவது, சூடு. நுவரெலியா, நானுஓயா, அப்கொட் பக்கம் மேடைன்னா இதை மறந்தா எல்லாம் போச்சு. தப்புத் தோல் ஈரத்தை இழுக்கும். மூடுபனி இறங்கினா கால் மணி நேரத்துலயே தொய்ஞ்சு "டப்"புனு செத்த ஒலி வரும். காய்ச்சணும்.

காய்ச்சும்போது முகத்தைத் தீக்குக் காட்டி ஒரு முழம் தள்ளிப் பிடிங்க. சுத்திக்கிட்டே இருக்கணும், ஒரே இடத்துல நிறுத்தக்கூடாது. புறங்கையைத் தோல் பக்கத்துல வெச்சுப் பாருங்க. உங்க கை தாங்காத சூட்டைத் தோலும் தாங்காது. விரல் நகத்தால சுண்டினா ஒலி மேலேறி மணி மாதிரி வரும்போது எடுத்துடுங்க. அவசரப்பட்டுக் கிட்ட பிடிச்சா, முதல்ல சட்டத்துல ஒட்டின புளியங்கொட்டைப் பசை விடும், பிறகு விளிம்புல மயிரிழை மாதிரிக் கீறல் விழும். காய்ச்சின கையோட பலமா அடிச்சா அந்தக் கீறல் வழியாத்தான் கிழியும். கொஞ்சம் ஆறவிட்டு, சிம்புக் குச்சியால மெதுவாத் தொடங்கி, பிறகு அடிக் குச்சி.

ரெண்டு தப்பு இருக்குன்னு சொன்னீங்க. ஒண்ணு மேடையில, ஒண்ணு தீக்கிட்ட. பாட்டுக்குப் பாட்டு மாத்துங்க. கெட்ட பெரவைத் தீக்கிட்ட கொண்டுபோகவே வேணாம். அதுக்கு வார் இருக்கு, இழுத்துக் கட்டினாப் போதும்.

கம்பளை_டீச்சர்

தாளம் சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அடுத்து உடைவது யாப்பு. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தமிழ்ப் பாட்டில் காது தேடும் ஒப்புமை அடியின் தலையில் இருக்கிறது. எதுகை என்றால் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, முதல் எழுத்தும் அளவொத்து நிற்கவேண்டும். "மலையோரம் நிலாக் காயும், இலையோரம் பனி மேயும்" என்று எழுதினால் மலை, இலை என்ற தொடக்கத்திலேயே காது நிறைந்துவிடுகிறது. மோனையும் அப்படியே, அடி தொடங்கும் இடத்து வேலை. சிங்களக் கவியில் ஒப்புமை அடியின் கடைசியில் இருக்கிறது. எளிசம என்பார்கள். சிவ்பத என்ற நான்கடிக் கவியில் நான்கு அடியும் ஒரே ஒலியில் முடியவேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரண்டு வரி தமிழ், இரண்டு வரி சிங்களம் என்று வெட்டி ஒட்டினால் தமிழ் எதுகை ஒருமுறை ஒலித்து, காதில் பதியும் முன்பே மொழி மாறிவிடுகிறது. சிங்கள வரியின் எளிசமவுக்கு நான்கில் பாதிதான் கிடைக்கிறது. இரண்டு மொழிக்கும் பசி தீரவில்லை. மேடையை விட்டு இறங்கியதும் மறந்துபோவதற்கு இதுவே காரணம். பாடியவர்கள் மேல் குறையில்லை.

செய்யவேண்டியது: ஒரு மொழிக்கு முழுக் கண்ணி கொடுங்கள், குறைந்தது நான்கு அடி. தமிழ் வரியின் முதல் எழுத்தை ஆவர்த்தனத்தின் முதல் அடியில் உட்காரவையுங்கள். சிங்கள வரியை முன்கூட்டியே எடுத்து, அதன் கடைசி ஒலி அடுத்த ஆவர்த்தனத்தின் முதல் அடியில் வந்து இறங்கும்படி செய்யுங்கள். ஒரே தாள இடம், ஒரு மொழிக்குப் புறப்படும் படி, மற்றதற்கு வந்துசேரும் படி. இந்த ஏற்பாட்டில் பாட்டு மொழி மாறும்போது கேட்பவருக்குத் தட்டுவதில்லை.

கிறிஸ்டோபர் டின் செய்ததையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். 2005இல் வந்த சிவிலைசேஷன் 4 என்ற கணினி விளையாட்டுக்கு அவர் அமைத்த "பாபா யேது" முழுக்கச் சுவாஹிலி, பரமண்டல செபத்தின் சுவாஹிலி வடிவம். 2011இல் கிராமி பெற்றது, விளையாட்டு ஒன்றுக்கு எழுதிய இசைக்கு அதுவே முதல் கிராமி. அதை முதல் பாட்டாக வைத்து 2009இல் வந்த அவருடைய தொகுப்பில் 12 பாட்டு, 12 மொழி. சமஸ்கிருதம், ஜப்பானியம், ஐரிஷ், மாவோரி எல்லாம் உண்டு. ஆனால் ஒரு பாட்டுக்கு ஒரு மொழிதான். ஒன்றின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகி ஓடுகிறது. எந்த மொழியையும் பாதி வாக்கியத்தில் அவர் நிறுத்தவில்லை.

குறிஞ்சி72

ஒரு மாற்றுக் கருத்து. மூன்றாவது மொழி எதுக்கு? இங்க தமிழும் சிங்களமும் ஒண்ணா ஒழுங்காப் பாடுறதே இன்னும் கைகூடல. அதுக்குள்ள சுவாஹிலி, பிரெஞ்சு எல்லாம் வந்தா வேடிக்கையாகிடும். தெரியாத மொழியில பாடினா "உலகத் தரம்"னு ஒரு மயக்கம் இருக்கு. 1987ல லண்டன்ல சில இசைத்தட்டு நிறுவனங்கள் கூடி, கடையில எந்தத் தட்டுல அடுக்கிறதுன்னு தெரியாத இசைக்கெல்லாம் "வேர்ல்ட் மியூசிக்"னு பேர் வெச்சாங்க. அது விற்பனைக்கு வெச்ச பேர். நாம ஏன் அந்தப் பேருக்குப் பின்னால ஓடணும்?

இன்னொண்ணு. தப்பையும் கெட்ட பெரவையும் "நிறம்" சேர்க்கிறதுக்காக மேடையில நிறுத்துறாங்க. ரெண்டு வாத்தியமும், அதை வாசிச்ச ரெண்டு சமூகமும், சாதியால தாழ்த்தி வைக்கப்பட்டவை. நிகழ்ச்சி அறிவிப்புல பாடகர் பேர் வருது, கிட்டார்காரர் பேர் வருது. தப்புக்காரர் பேர்? பெரகாரர் பேர்?

தப்படி

பேர் விசயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு. பேரும், ஒரே அளவு சம்பளமும். அதோட ஒரு நிபந்தனை: எந்த அடி எதுக்குன்னு தெரியாம வாசிக்கக்கூடாது. சாவுக்கு அடிக்கிற அடி வேற, சாமிக்கு வேற, காமன் கூத்துக்கு வேற. இது தெரியாதவர் கணினியில துண்டு வெட்டி எடுத்துக் கல்யாணப் பாட்டுல போட்டா, தோட்டத்துல கேக்கிற பெரியவங்க முகம் வாடிடும். சிங்களத்துலயும் மள பெரன்னு சாவுக்குத் தனி வாசிப்பு இருக்கு, அதுக்கும் இதே விதிதான். வாசிக்கிறவர்கிட்ட கேட்டுட்டு எடுங்க.

பதுளை_பெர

குறிஞ்சி அண்ணே, மூணாவது மொழி வேணாம்ங்கிறதை நான் ஏத்துக்கல. ஆனா எந்த மொழின்னு யோசிக்கணும். நமக்கு உறவுமுறை உள்ள இசை உலகத்துல இருக்கு. 1823ல கோப்பித் தோட்டத்துக்கு நம்ம ஆட்கள் வந்த மாதிரி, அதே நூற்றாண்டுல மொரிஷியசுக்கும் ரியூனியனுக்கும் கரும்புத் தோட்டத்துக்குத் தமிழாட்கள் போனாங்க. ரியூனியனோட மலோயா, மொரிஷியசோட செகா, ரெண்டும் ஆப்பிரிக்க அடிமைகளோட இசையில பிறந்து கிரியோல் மொழியில பாடுறது. யுனெஸ்கோ பட்டியல்ல மலோயா 2009ல, செகா 2014ல சேர்ந்தது. செகாவுல ராவான்னு ஒரு பெரிய வட்டத் தோல் வாத்தியம், ஆட்டுத்தோல். வாசிக்கிறதுக்கு முன்னால அதையும் தீயில காய்ச்சுவாங்க! நடையும் நம்ம பைலா மாதிரி ஆறு. அந்த இசைக்கும் நம்ம தப்புக்கும் நடுவுல கடல் இருக்கு, ஆனா தோலுக்கும் தீக்கும் இருக்கிற உறவு ஒண்ணுதான். கிரியோல் பல்லவி ஒண்ணு வந்தா அது வேடிக்கையா இருக்காது, இடம் தெரிஞ்சு வந்த விருந்தாளி மாதிரி இருக்கும்.

நம்ம நாட்டுலயே கலப்புக்குப் பஞ்சமில்லை. சிங்கள நாடகம் என்கிற கூத்து வடிவம் தமிழ்க் கூத்துல இருந்து போனது. அதுல வாசிக்கிற மத்தளத்துக்குச் சிங்களத்துல பேரே "தெமள பெரய". 1956ல எதிரிவீர சரச்சந்திர "மனமே" என்கிற சிங்கள நாடகத்தை அந்தக் கூத்து வடிவத்துலதான் எழுதினார். பைலாங்கிற சொல் போர்த்துக்கேயம். ஏ. ஈ. மனோகரன் "சுராங்கனி"யைச் சிங்களமும் தமிழுமாப் பாடினார், அது நாடு தாண்டிப் போச்சு. இதையெல்லாம் விற்பனைப் பேர் கொண்டுவரல.

குறிஞ்சி72

ராவான் விசயம் புதுசு. கிரியோல்னா ஏத்துக்கிறேன். ஆனா உச்சரிப்பை ஒழுங்கா எடுக்கிறவரைக்கும் மேடை ஏத்தாதீங்க.

கம்பளை_டீச்சர்

உச்சரிப்புக்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்கள் சிங்கள வரியைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அங்கேதான் விபத்து.

"கந்த" என்று எழுதினால் அது சிங்களத்தில் இரண்டு சொல். மலை என்ற சொல்லில் மூக்கொலி முழுதாக நின்று, கன்-த என்று பிரியும், முதல் அசைக்கு இரண்டு மாத்திரை. மரத்தின் அடித்தண்டு என்ற சொல்லில் மூக்கொலி பாதிதான், அடுத்த எழுத்தோடு உருகிவிடும், அதற்குத் தனி மாத்திரை கிடையாது. மலையைப் பாடும் இடத்தில் பாதி மூக்கொலி போட்டால் மலை மரத்தண்டாகிவிடும், தாளமும் ஒரு மாத்திரை குறையும். மலைநாட்டுப் பாட்டில் இந்தச் சொல் வராமல் இருக்காது! பாதி மூக்கொலிக்குச் சின்ன "ந்" ஒன்றை எழுத்தின் தலைக்கு மேல் எழுதுங்கள், முழு ஒலிக்கு வரியிலேயே எழுதுங்கள்.

அடுத்து, தமிழ் எழுத்தில் இல்லாத ஓர் உயிர். சிங்களவர் "ஹட்டன்" என்ற ஊர்ப் பெயரைச் சொல்லும்போது முதல் எழுத்தில் வருமே, அகரத்துக்கும் எகரத்துக்கும் நடுவில் வாய் அகன்று, அதுதான். அதற்கு ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். க, ச, ட, த, ப ஐந்துக்கும் மெல்லொலி (தங்கை என்பதில் வரும் ககரம் போல) வரும் இடத்தில் அடிக்கோடு போடுங்கள்.

நெடில் குறில் இரண்டு மொழியிலும் உயிர்நாடி. தமிழில் படம், பாடம். சிங்களத்தில் மல என்றால் பூ, மால என்றால் மாலை. மெட்டு நீளுகிறதே என்று குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். நீட்டவேண்டிய சுரம் எங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துவிட்டு, அந்த இடத்தில் நெடில் உள்ள சொல்லைத் தேடுங்கள். இதே கவனம் சுவாஹிலிக்கு வேறு மாதிரி. அங்கே அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்திய அசையில். "யேது" என்பதில் "யே" தாளத்தின் பலமான அடியில் விழவேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் "யேத்து" என்று இரட்டித்தால் கெட்டது.

சிங்களம் பேசும் நண்பர்களுக்கு நம் ழகரம் கடினம். "மழை" என்பதை நாக்கை மடித்து, எதையும் தொடாமல் பிடித்துப் பத்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் வந்துவிடும்.

நானுஓயா_ஒலி

சுருதி, ஒலிவாங்கி ரெண்டையும் நான் எடுத்துக்கிறேன்.

புல்லாங்குழல். கொழும்புல 27 பாகையில சரியா இருந்த குழல், இங்க 15 பாகைக் குளிர்ல இறங்கித்தான் பேசும். குளிர்ந்த காத்துல ஒலியோட வேகம் குறையுது. கணக்குப் பார்த்தா அரைச்சுரத்துல மூணுல ஒரு பங்கு. ஒர்கன் (கீபோர்ட்) சேர்த்தா அது இறங்காது. ஆக ரெண்டும் சேர்ந்ததும் பல் கூசும். குழல்காரர் மேடை ஏறுறதுக்கு முன்னால குழலைச் சட்டைக்குள்ள வெச்சிருந்து, பத்து நிமிசம் ஊதிச் சூடாக்கினா பெரும்பகுதி சரியாகும். மிச்சத்துக்கு ஒர்கனோட சுருதியைக் குழலுக்கு இறக்குங்க. குழலை ஏத்த முடியாது.

பேர்க் குழப்பம் ஒண்ணு, ஒத்திகையில அடிக்கடி வருது. சிங்கள இசைக்காரர் பலர் வட இந்திய முறையில படிச்சவங்க. அவங்க "பூபாலி"ன்னு சொன்னா அது நம்ம மோகனம். நம்மாள் காதுல "பூபாளம்"னு விழுந்து, ரிஷபம், காந்தாரம், தைவதம் மூணையும் இறக்கிப் பாடினா ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பிழைன்னு நினைப்பாங்க. தோடியும் அப்படி: நம்ம தோடியோட சுரங்கள் அவங்களுக்கு பைரவி. ஹிந்தோளம்னா அவங்களுக்கு மால்கோஷ். ராகப் பேரை விட்டுட்டு சுரத்தைப் பாடிக் காட்டுங்க. சுருதிக்கு: 1 கட்டைன்னா கிட்டார்காரருக்கு "சி", 4 கட்டை "எஃப்", 5 கட்டை "ஜி". ஆண் பெண் கலந்த எட்டுக் குரலுக்கு 4 கட்டையில தொடங்கிப் பாருங்க.

முதல் பாட்டுக்கு மோகனம் நல்லது. அஞ்சு சுரம், அரைச்சுர இடைவெளியே இல்லை, கிட்டார் கோர்ட் எதுவும் கடிக்காது. செகா பல்லவியும் அதுல உக்காரும்.

ஒலிவாங்கி. தப்போட குச்சி ஒலி மனுசக் குரல்ல மெய்யெழுத்து கேக்கிற அதே உயரத்துலதான் வெட்டும், 3 கிலோஹேர்ட்ஸ் அக்கம்பக்கம். அதை மறைச்சா எந்த மொழி பாடுறாங்கன்னே விளங்காது. மூணு மொழிப் பாட்டுல அது கொலை. தப்புக்கு ஒரு டைனமிக் ஒலிவாங்கியை 30, 40 சென்ரிமீற்றர் தள்ளி, நடுவுக்கும் விளிம்புக்கும் இடையில பார்க்கவைங்க. மிக்சர்ல தப்பு வரிசையில 3 கிலோஹேர்ட்ஸை 3 டெசிபல் குறைங்க. பாடுறவங்க தப்புல இருந்து ரெண்டு மீற்றராவது தள்ளி, அவங்க ஒலிவாங்கியோட பின்முதுகு தப்பைப் பார்க்கிற மாதிரி நிக்கட்டும். குரல் வரிசையில 100 ஹேர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க.

பதிவு செய்றதா இருந்தா கிளிக் ஒலியை (தாளம் எண்ணிக் காட்டுற ஒலி) தப்புக்காரர் காதுல போடாதீங்க. தப்பு சூட்டோட சேர்ந்து கொஞ்சம் முந்தும், அது அதோட உயிர். கிட்டார் தப்பைப் பின்தொடரட்டும். தகரக் கூரை மண்டபம்னா காலையிலயே முடிச்சிடுங்க, பின்னேரம் மழை வந்தா எந்த ஒலிவாங்கியும் காப்பாத்தாது.

ஹட்டன்_லயம்

எல்லாருக்கும் நன்றி. 100 ஆவர்த்தனத்தை இப்படிப் பிரிச்சிருக்கேன், பிழை இருந்தாச் சொல்லுங்க. தப்பு தனியா 8. தமிழ்க் கண்ணி 16. சொற்கட்டு 8. சிங்களக் கண்ணி 16. மறுபடி சொற்கட்டு 8. கிரியோல் பல்லவி 12. மூணு மொழியும் சேர்ந்து 24. தப்பும் பெரவும் முடிப்பு 8.

கம்பளை_டீச்சர்

24 ஆவர்த்தனம் சேர்ந்து பாடும் இடத்தில் மட்டும் கவனம். மூன்று மொழியும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொல் பாடினால் சந்தை இரைச்சல்தான். ஒரு மொழி சொற்களைப் பாடட்டும், மற்ற இரண்டும் அதே உயிரொலியை நீட்டிப் பிடிக்கட்டும். எட்டு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை மாறுங்கள், மூன்று மொழிக்கும் சரியாக எட்டு எட்டு.

பதுளை_பெர

இரண்டாவது சொற்கட்டை ரெண்டாம் காலத்துல (இரட்டை வேகத்துல) சொல்லுங்க. முதல்ல வந்த அதே வேகத்துல வந்தா தூங்கிடும்.

தப்படி

தொடக்கம் 8 ஆவர்த்தனம் தப்பு தனியாங்கிறது நல்ல முடிவு, காய்ச்சின சூடு அப்பத்தான் முழுசா இருக்கும். தீக்கு மிலாறு (தேயிலைச் செடிக் குச்சி) முன்கூட்டியே வெட்டிக் காயவெச்சிடுங்க. பச்சை மிலாறு புகையும், பாடுறவங்க தொண்டைதான் முதல்ல போகும். தீயை மண்டபத்துக்கு வெளிய, காத்து மேடையை விட்டு விலகிப் போற பக்கமா மூட்டுங்க.